மூன்றாம் கட்டிலுக்கு ஒரு வாய்

லிஃப்ட் இயக்குபவன் என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஐயா, அம்மாவைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. ஃபேன் காத்துல பறந்துடப் போறீங்க."

என் கணவர் கோட்டேஸ்வர ராவுக்கு ஐம்பத்திரண்டு கிலோ. எனக்கு நூற்று முப்பத்தொன்று. குண்டூரில் நாங்கள் எங்கே போனாலும் இந்தச் சிரிப்பு எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். கோபப்படக்கூடத் தெம்பில்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கினால்தான் பிழைப்பேன் என்றார்கள். வந்துவிட்டேன்.

நான்காவது மாடியில் இரண்டு கட்டில் போட்ட அறை. எனக்கு மூன்றாம் கட்டில். பக்கத்தில் நான்காம் கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் வந்தார். "தையல் ஆறுற வரைக்கும் தண்ணி மட்டும், அதுவும் மருந்து மூடியில. ஒரு பருக்கை உள்ளே போனாலும் தையல் பிரிஞ்சிடும். அப்புறம் எங்க கையில இல்லை."

பகல் ஒரு மணி. எனக்கு வாசனை அடிக்கக்கூடாதென்று என் கணவர் சாப்பிட கேன்டீனுக்குப் போய்விட்டார். வராந்தாவில் ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லை.

டக். டக்.

அடுக்கு கேரியரின் கொக்கியைத் திறக்கும் சத்தம்.

சுடுசோற்றின் ஆவி. பருப்பு. நெய். கூடவே, நாக்கின் அடியில் எச்சில் ஊறவைக்கும் ஆவக்காய் ஊறுகாய்.

நான்காம் கட்டிலின் விளிம்பில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்து தட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"வெறும் வயித்தோட போட்டு வெச்சிருக்காங்களே, பாவிங்க. ஒரே ஒரு வாய், தங்கம். இது உங்க நாயனாவுக்கு..."

குழந்தைக்கு ஊட்டுவதுபோல, அப்பாவுக்கு, அம்மாவுக்கு என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ஆள் பெயர். உருண்டை என் உதட்டருகே வந்தது. உடம்பு பெருத்த நாளிலிருந்து என்னை யாரும் 'சாப்பிடு' என்று சொன்னதே இல்லை. வாய் தானாகத் திறக்கப் பார்த்தது.

விரல்கள் உதட்டில் பட்டன.

பனிக்கட்டி.

கதவு திறந்தது. சிஸ்டர் எஸ்தேரு உள்ளே வந்தாள். நான்காம் கட்டிலில் யாரும் இல்லை. அவள் முகர்ந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"வந்துட்டாங்களா?"

"யாரு சிஸ்டர் அது?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க படுத்திருக்கிற இதே கட்டில்ல ஒரு பொண்ணு. ஆபரேஷன் ஆன ரெண்டாம் நாள், மக பசியைப் பார்க்க முடியாம, அவங்கம்மா யாருக்கும் தெரியாம பருப்புச் சோறு ஊட்டிட்டாங்க. பொண்ணு போயிடுச்சு. காரியம் முடியறதுக்குள்ள அந்தம்மாவும் போயிட்டாங்க." குரலில் பயம்கூட இல்லை, அலுப்புதான். "டியூட்டி மாறும்போது இதையும் சொல்லிட்டுத்தான் போறோம். வேற ரூம் காலி இல்லைம்மா. வாயைத் திறக்காட்டி ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

"நான் வாயைத் திறந்து வெச்சுத்தான் தூங்குவேன், சிஸ்டர்."

அவள் என் போர்வையை இழுத்து விட்டுவிட்டு வெளியே போனாள்.

ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். மறுநாள் பன்னிரண்டரைக்கு இமைகள் ஈயமாகக் கனத்தன. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து என் தாடையையும் உச்சந்தலையையும் சேர்த்துக் கட்டினார்.

"பொணத்துக்குக் கட்டுற மாதிரி இருக்குங்க."

"சும்மா இரு. பாடை தூக்க மத்தவங்களுக்கு நாலு பேர் போதும். உனக்கு எட்டுப் பேரைத் தேடணும். இப்ப எங்க போறது?"

சிரித்தேன். தையல் வலித்தது. அவர் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது மணி ஒன்றரை.

துண்டு தலையணை மேல் இருந்தது. நான்காக, அழகாக மடித்து.

உதட்டை நக்கிப் பார்த்தேன். காய்ந்த மருந்துக் கசப்பு மட்டும்தான். பக்கத்தில் அவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர், காரம் தின்றவர்போல.

"வந்தாங்களா?"

"நீ தூங்கு."

அடுத்த நாள் நீல மருந்தைக் குடிக்க வைத்துச் சோதித்தார்கள். ஒரு சொட்டுக்கூட எங்கும் கசியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

எட்டு மாதமாகிறது. நான் இப்போது எண்பத்து நாலு கிலோ. படி ஏறுகிறேன். அவர் வீட்டில் ஒரு கவளம்கூடத் தொடுவதில்லை. "வயிறு நிறைஞ்சிருக்கு" என்கிறார். அவர் எடை நூற்று ஒன்பது. நடந்தால் மூச்சு வாங்குகிறது. பகல் ஒரு மணிக்குப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

இன்று கதவுக்கு வெளியே நின்றேன். நான் இன்னும் உலையே வைக்கவில்லை.

டக். டக்.

நெய் மணம்.

சந்து வழியாகப் பார்த்தேன். சுவரைப் பார்த்து, தரையில் சப்பணமிட்டு, குழந்தைபோல வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தார். எதிரே யாரும் இல்லை. கடைவாயில் சிவப்பாக எண்ணெய் வழிந்தது.

"இது உன் பொண்டாட்டிக்கு..." நான்காம் கட்டிலில் கேட்ட அதே குரல்.

அவர் பதறிப்போய்த் தலையாட்டினார்.

"அவளுக்கு வேண்டாம், பெத்தம்மா. அவ பங்கையும் எனக்கே குடுத்துடுங்க."

அவர் கன்னம் மெல்ல உப்பியது.