கொன்ராட் ஃபோகலுக்குப் பதினோரு அடி

லிண்டன் பேட்டையில் தினமும் மூன்று மணிக்கு மாதா கோயில் மணி அடித்ததும் வேலையெல்லாம் நின்றுவிடும். ஆளின் கைகாலை ஆட்டிவைக்க அவரவர் கழுத்தில் கட்டிய இயக்குப்பட்டையில் பச்சை விளக்கு எரியும். பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் பியானோவை மூடிவிட்டு நடைபாதையைக் கூட்டுவார். எதிர்வீட்டுக் கொரியாக்காரி செங்கல் படியைச் சோடா உப்புப் போட்டுத் தேய்ப்பாள். தூத்துக்குடி ரெமிஜியுஸ், பட்டை காதில் சொல்லச் சொல்ல, நாக்குச் சுளுக்கும் ஜெர்மன் மொழியில் போவோர் வருவோருக்கெல்லாம் வணக்கம் சொல்லுவான். கால் மணி நேரம் கழித்து மறுபடி மணி அடித்தால் அவரவர் அவரவர் ஆகிவிடுவார்கள்.

காரணம் இதுதான். நூற்றைம்பது, இருநூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கட்டிய பேட்டை அது. சிவப்புச் செங்கல் வீடுகள், லிண்டன் மரங்கள், பியர்த் தோட்டம் என்று அச்சுக் குலையாமல் நின்றது. சுட்ட செங்கலுக்குள் பழைய ஒலிகள் தங்கியிருக்கின்றன என்று கண்டுபிடித்தவன் எவனோ, அவன் வாயில் மண் விழ. அந்த ஒலிமீட்பை வைத்து 1918ஆம் வருடத்தில் இந்தத் தெருவில் யார் எங்கே நின்றார், என்ன பேசினார், யாரை அடித்தார் என்று நாள்வாரியாகக் கணித்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கட்டடத்தைக் காத்தால் போதாது, நடந்ததையும் காக்க வேண்டும் என்று முழுமைக் காப்புச் சட்டம் வந்தது. வீட்டில் குடியிருப்பவர் அந்த வீட்டின் அன்றைய ஆளாக நாளொன்றுக்குக் கால் மணி வாழ வேண்டும். பழைய ஜெர்மன் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காலி வீடுகள் கடல் ஏறி ஊர் இழந்தவர்களுக்கு வந்தன. அந்த ஆளாக நடிக்க மறுத்தால் வீடும் போகும், இந்த நாட்டில் இருப்புரிமையும் போகும். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

ரெமிஜியுசும் அவன் மனைவி யசிந்தாவும் சேண வேலைக்காரர் ஆகஸ்ட் லென்ஸின் வீட்டுக்கு வந்தார்கள். யசிந்தாவின் தம்பி லியாந்தருக்கு அடுத்த வீட்டைக் காட்டினார்கள். பின்கட்டில் பழைய செங்கல் அடுப்பு இருந்தது. மக்ரூன் சுடும் பரம்பரைக்காரன் அடுப்பைக் கண்டால் விடுவானா? ஒப்பந்தத்தின் மற்றப் பக்கங்களைப் புரட்டாமலே கையெழுத்துப் போட்டான். அது ரொட்டிக்காரர் கொன்ராட் ஃபோகலின் வீடு. இந்த நாடு ஜெர்மனியோடு உலகப் போரில் மோதிய அந்த ஏப்ரலில், மாவில் கண்ணாடித் தூள் கலக்கிறான், ஜெர்மன் உளவாளி என்று கும்பல் அவரைத் தெருவுக்கு இழுத்தது. முதல் அடி அடித்தவர் பக்கத்து வீட்டு ஆகஸ்ட் லென்ஸ். அவரும் ஜெர்மானியர்தான். தன் விசுவாசத்தைக் காட்ட, ஃபோகலின் கடையிலிருந்தே ரொட்டி எடுக்கும் நீளத் துடுப்பைப் பிடுங்கி அடித்தார். பதினோரு அடி. மூன்றாம் நாள் ஃபோகல் செத்துப்போனார்.

வருடம் ஒருமுறை அந்த நாள் வரும்; லென்ஸாக ரெமிஜியுஸ், ஃபோகலாக நிற்கும் லியாந்தரை அடிக்க வேண்டும். துடுப்பு அசல் மரம். "சாகாத அளவுக்குப் பட்டை பார்த்துக்கொள்ளும்" என்றது சட்டத்தை நடத்தும் காப்பகம். அடி முடிந்து மணி அடித்ததும் பேட்டையில் ஒரு மரியாதை உண்டு. அடித்தவர்கள் வரிசையாக வந்து, அடிபட்டவன் முன் குனிந்து, "கை என்னுடையதில்லை" என்று அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். அடிபட்டவன் "பட்டைதானே" என்று சொல்லித் தோளைத் தட்டுவான். பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பியர் குடிப்பார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஏழு வருடம் ஓடியது.

ஏழாவது வருடம் லியாந்தரின் இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. ஒன்று உள்ளே குத்தி நுரையீரலைக் கிழித்தது. தகடு வைத்துத் தைத்த டாக்டர், அதே இடத்தில் இன்னொரு அடி பட்டால் ஆள் மிஞ்சமாட்டான் என்றார். அதனால்தான் எட்டாவது ஏப்ரல் வந்த அன்று, மதியமே ரெமிஜியுஸ் காப்பகத்துக்கு ஓடினான். மாற்று ஆள் கேட்டு ஆறு மனு போட்டும் பதில் இல்லை. இன்றைக்குத் தன் கழுத்துப் பட்டையை அறுத்து அவர்கள் மேசையில் எறிவதாக முடிவு செய்திருந்தான். வீடு போனால் போகட்டும், மச்சினன் உயிர் பெரிதில்லையா?

அதிகாரி ஹோல்கம் அம்மாள் மனுவைப் படித்துவிட்டு, கழுத்துப் பட்டையை அறுக்கப் போன அவன் கையைப் பார்த்தாள். அவள் பேசப் பேச, காதிலிருந்த மொழிபெயர்ப்பான் தமிழில் சொன்னது.

"எதற்கு அறுக்க வேண்டும்? அடிக்காமல் இருங்களேன்."

"நான் எங்கம்மா அடிக்கேன்? பட்டைலா அடிக்கி!"

"பட்டை ஆளை அசைப்பதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. வழக்கு ஒன்றில் தோற்றுப்போனோம். இப்போது அதில் விளக்கும் காதுக்குள் குரலும்தான். ஆண்டுக் கடிதத்தில் நாற்பத்து நான்காம் பத்தி, பார்க்கவில்லையா?"

"அப்பம் போன வருசம்?"

"நாங்களே ஆச்சரியப்பட்டோம். நிறுத்தினால் துல்லியம் குறையும் என்று நினைத்தோம். கூடியிருக்கிறது." அவள் மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகத்தில் கேலியும் இல்லை, வருத்தமும் இல்லை.

டிராமில் வரும்போது அவன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தான். நினைவு வரக்கூடாதென்று பார்த்தாலும் வந்தது. மக்ரூனுக்கு முட்டை வெள்ளையை எப்படி அடிக்க வேண்டும் என்று லியாந்தருக்குச் சொல்லிக் கொடுத்தவன் இவன். இன்றைக்கு லியாந்தர் கடை வாசலில் கூட்டம், இவன் வாசலில் அறுந்த பை தைக்க ஒரு ஆள், இரண்டு ஆள். துடுப்பு இறங்கும்போதெல்லாம் மார்புக்குள் ஏதோ ஒன்று சுகமாக இளகியது. அதையும் பட்டையின் வேலை என்றே நினைத்திருந்தான். சீ, என்ன மனுஷன் நான் என்று வாய்விட்டே சொன்னான். எதிரில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

அவன் தெருமுனையில் இறங்கும்போது மூன்று மணி அடித்து ஓய்ந்திருந்தது. லியாந்தரை ஏற்கெனவே கடைக்குள்ளிருந்து இழுத்துப் போட்டிருந்தார்கள். மாவுக் கையோடு மண்டியிட்டு, ஒரு கையால் விலாவைப் பொத்திக்கொண்டிருந்தான். லியாந்தர் வீட்டில் பெண் இல்லாததால், ஃபோகலின் மனைவியாக நடைபாதையில் நின்று அலற வேண்டியவள் யசிந்தா. இந்த வருடம் அந்த அலறலில் ஜெர்மன் இல்லை. "தம்பிய விட்ருங்க, ஐயா, தம்பிய விட்ருங்க!" என்று தமிழில் கத்தினாள்.

"நிப்பாட்டுங்க!" ரெமிஜியுஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனான். "பட்டை செத்துப் போச்சு! ஆறு வருசமா செத்துக் கெடக்கு! இந்தா பாருங்க!" கழுத்துப் பட்டையைப் பிய்த்து வானத்தில் ஆட்டினான். தெரிந்த ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னான். "யாரும் நம்மள அசைக்கல! நாமதான்! எல்லாம் நாமதான்!"

கூட்டம் அடங்கியது. புரிந்துவிட்டது என்றுதான் அவன் நினைத்தான். புரியத்தான் செய்தது, அதுதான் வினை. டெஸ்மண்டின் முகம் வெளுத்தது. போன வருடம் விழுந்து கிடந்த லியாந்தரின் விரல்களைப் பூட்ஸால் மிதித்தவர் அவர்.

"பொய்," என்றார் டெஸ்மண்ட். "வாயை மூடு."

"பொய்யில்ல சார், ஆபீஸ்ல..."

"அப்படியானால் நான் அவன் விரலை என்ன செய்தேன்? சொல்லு! நான் என்ன செய்தேன்?"

அடுத்த கணம் டெஸ்மண்ட் துடுப்பை எடுத்து அவன் வாயிலேயே போட்டார். இரண்டு பற்கள் நாக்கின் மேல் வந்து விழுந்தன. ரெமிஜியுஸ் தடுமாறி லியாந்தர் மேல் சாய்ந்தான், சாய்ந்தவன் அப்படியே குப்புறக் கவிழ்ந்து அவன் நெஞ்சை மூடிக்கொண்டான். துடுப்பு முதுகில் விழுந்தது. தடுக்கத் தூக்கிய இடது முழங்கையில் விழுந்தது, எலும்பு உடைந்த சத்தம் அவனுக்கே கேட்டது. கொரியாக்காரி படி தேய்க்கும் கட்டையால் அவன் பிடரியில் அடித்தாள். அடிக்கும்போது அவள் அழுதாள், அழுதுகொண்டே அடித்தாள். யாரோ இடுப்பில் உதைத்தார்கள். யாரோ தலைமுடியைப் பிடித்து முகத்தைக் கல்லில் தேய்த்தார்கள். அவன் எண்ணினான். ஒன்பது, பத்து, பதினொன்று. பதினொன்றில் நிற்க வேண்டும், செங்கல் சொன்ன கணக்கு அது. நிற்கவில்லை. பதினாறு, பதினேழு. அவனுக்குக் கீழே லியாந்தர் சின்னச் சின்னதாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அந்த மூச்சு நிற்கக்கூடாது மாதாவே, அது மட்டும் நிற்கக்கூடாது என்று இவன் வேண்டிக்கொண்டான்.

இரண்டாவது மணி அடித்தது. துடுப்பு கீழே விழுந்தது. வழக்கம் போலவே வரிசை கட்டினார்கள், அதுதான் கொடுமை. டெஸ்மண்ட் முன்னால் வந்து குனிந்தார். அவர் சட்டைக் கையெல்லாம் ரத்தம்.

"கை என்னுடையதில்லை," என்றார்.

ரெமிஜியுஸ் அவரைப் பார்த்தான். தோளைத் தட்டவில்லை. லியாந்தரும் தட்டவில்லை. பதிலுக்காக டெஸ்மண்ட் குனிந்தபடியே வெகுநேரம் நின்றார். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து தங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

யசிந்தா இருவரையும் கடைக்குள் இழுத்துவந்து மாவு மேசையில் சாய்த்து உட்காரவைத்தாள். வெந்நீர் வைக்கப் பின்கட்டுக்குப் போனாள். லியாந்தரின் தகடு அசையவில்லை, மூச்சு சீராகத்தான் வந்தது. ரெமிஜியுஸ் ரத்தத்தைத் துப்பிவிட்டு, இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று வாயைத் திறந்தான்.

"மாப்ள. ஒன் விலாவ ஒடச்சது நாந்தான். ஆறு வருசமும் நாந்தான்."

லியாந்தர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தெரியும் அத்தான்" என்றான்.

"தெரியுமா? எப்பம்?"

"ரெண்டாவது வருசமே. மொத வருசம் கை ஓங்கயில ஒங்க கண்ணுல தண்ணி ஊத்திச்சு. கை ஒரு பக்கம் போச்சு, மொகம் ஒரு பக்கம் போச்சு. அடுத்த வருசம் மொகமும் கையும் ஒண்ணாத்தான் வந்துச்சு. அடி வாங்குதவனுக்குத் தெரியாதா?"

"பொறவு ஏம்ல வாயத் தொறக்கல? எதுக்குல ஒவ்வொரு வருசமும் பட்டைதானன்னு என் தோளத் தட்டுன?"

"சொன்னா அக்கா யார் வீட்டுல இருப்பா?"

கதவடியில் நிழல் தெரிந்தது. யசிந்தா வெந்நீர்ச் சட்டியோடு நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வந்து உட்கார்ந்து முதலில் தம்பியின் மாவும் மண்ணும் அப்பிய முகத்தைத் துடைத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, பல் போன வாயைத் துடைத்தாள், கிழிந்த நெற்றியைத் துடைத்தாள், உடைந்த இடது கையைத் துணி சுற்றிக் கழுத்தோடு கட்டிவிட்டாள். அவள் விரல்கள் ஒரு தடவைகூட முரட்டுத்தனமாகப் படவில்லை.

ரத்தம் வழிந்துகொண்டிருந்த வலது கையை அவன் நீட்டினான். யசிந்தா அதைப் பார்த்தாள். துணியை நனைத்துப் பிழிந்து அந்தக் கைக்குள் வைத்தாள்.

"அத நீங்களே தொடச்சிக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து, தம்பியைக் கைத்தாங்கலாகப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.