டெஸ்ஸின் வண்டியை ஓட்டுகிறவள்

காலை ஐந்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி சமையல்கூடத்தின் ஜன்னல் கண்ணாடிகள் மெல்ல அதிர்ந்தன. ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த மேரிசெல் கையில் அகப்பையோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

கத்தரிப்பூ நிறத்தில், படகு போல நீண்ட மூக்கோடு ஒரு வண்டி, வேகத்தடையில் வயிற்றை உரசிக்கொண்டு உள்ளே வந்தது. இரண்டே கதவுகள், ஒவ்வொன்றும் ஆட்டுப்பட்டிக் கேட் அளவுக்கு நீளம். கதவைத் திறக்க இடம் போதாமல் இரண்டு முறை பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க குள்ளமான பெண் ஒருத்தி சாப்பாட்டு டப்பாவோடு இறங்கினாள்.

"புது ஆளா நீ?" என்றாள் மேரிசெல். "வார்டுல ரெண்டு கிழவங்க நாலு நாளா நினைவு இல்லாமக் கிடக்காங்க. இந்த வண்டிச் சத்தத்துக்கு இந்நேரம் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டிருப்பாங்க."

"என் புருஷனோட வண்டி. அவன் செத்துட்டான்," என்றாள் ரேலீன்.

"அப்ப அவனையும் எழுப்பிடும் போலிருக்கே!"

சொன்ன பிறகுதான் மேரிசெல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் ரேலீன் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே புதிதாக இருந்தது.

டெஸ்ஸோடு வாழ்ந்த இருபத்திரண்டு வருடங்களில் அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் அவள் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. கொட்டகையில் மெத்தென்ற போர்வைக்குள் அது படுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் கார் கிளப் ஆட்களோடு கடற்கரை வரை ஒரு சுற்று. வானத்தில் கையகல மேகம் தெரிந்தாலும் திரும்பிவிடுவான். அவளுடைய பழைய சின்ன காரை விற்றுத்தான் அதற்கு அகலச் சக்கரங்கள் வாங்கினான். "நீ எங்க போகப்போற?" என்று கேட்டான். அதற்கு அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவளாக இருப்பது ஒரு பழக்கம். பழகிவிட்டால் அதுவும் ஒரு வீடு மாதிரிதான், மூலை முடுக்கெல்லாம் தெரிந்துவிடும்.

கொட்டகையிலேயே, கையில் ஸ்பானரோடு, அவனுக்கு நெஞ்சு நின்றுபோயிற்று. இரண்டு மாதம் கழித்து அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. அவள் குடியிருந்த வயல்லாவிலிருந்து ஆஸ்பத்திரி எழுபத்தைந்து கிலோமீட்டர். விடியற்காலையில் பஸ் கிடையாது. அவள் போர்வையை உருவி எறிந்தாள்.

அப்பாவின் ஆட்டுப்பண்ணை லாரியில் பதிமூன்று வயதில் கியர் போடக் கற்றவள் அவள். இருந்தாலும் இந்த வண்டியின் கிளட்ச் இடது காலை முறித்தது. வெயிலில் இருக்கை தோசைக்கல். தெருமுனையில் அந்த நீண்ட மூக்கு முக்கால்வாசி சாலைக்குள் நுழைந்த பிறகுதான் எதிரே வருவது தெரியும். பெட்ரோல் போட நின்றால் யாராவது ஒரு கிழவர் வந்து, தம் வாலிபத்தில் இதே மாதிரி ஒன்று வைத்திருந்த கதையைச் சொல்லாமல் விடமாட்டார். எல்லாவற்றையும் அவள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டாள்.

பழக முடியாதது ஒன்றுதான்.

இருக்கை.

ஒவ்வொரு நாள் காலையும், வேலை முடிந்து வரும்போதும் அது பின்னால் தள்ளியிருந்தது. உட்கார்ந்தால் அவள் கால்கள் பெடலை எட்டாது. முதல் நாள், தான்தான் தள்ளியிருப்போம் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் முன்னால் இழுத்துவிட்டு, கொட்டகையைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

காலையில் இருக்கை பின்னால் இருந்தது. ஆறடி உயர மனிதன் ஒருவன் காலை நீட்டி உட்காரும் தூரத்தில்.

உள்ளே ஆரஞ்சுத்தோல் மணம். டெஸ் கையில் ஒட்டிய கிரீஸைப் போக்கத் தேய்க்கும் பசையின் மணம். அந்த டப்பாவை அவள் போன மாதமே குப்பையில் போட்டிருந்தாள்.

அவள் அதிகம் யோசிக்கவில்லை. கீழே குனிந்து நெம்புகோலைப் பிடித்து, இருக்கையை முன்னால் இழுத்து, வேலைக்குப் போனாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பல் தேய்ப்பதைப் போல அதுவும் காலை வேலைகளில் ஒன்றாயிற்று. பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். மாலை நேரங்களில் வாசற்கதவு திறக்கும் சத்தத்தை வைத்து அவன் மனநிலையை அளந்த பயம்தான் இது. புதிதாக ஒன்றுமில்லை. உயிரோடு இருந்தவனிடம் பயந்ததைவிடச் செத்தவனிடம் அதிகமாக எதற்குப் பயப்பட வேண்டும்?

இரண்டாவது வாரம், வேலை முடிந்து நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி திரும்பியது.

அதிர்வில் நழுவவில்லை. யாரோ இரண்டு விரலால் பிடித்துத் திருப்புவதைப் போல, மெல்ல.

பின்னால் கிடந்த சாலை அதிலிருந்து போயிற்று. உப்புப் புதர்கள் போயின. சிவந்த மண் போயிற்று.

அவளுடைய முகம் வந்து நின்றது.

டெஸ் ஓட்டும்போது அப்படித்தான் வைத்திருப்பான். சாலையைப் பார்ப்பதைவிட, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அவளைப் பார்ப்பான். எங்கே பார்க்கிறாள், யாரைப் பார்க்கிறாள் என்று.

ரேலீன் கையை நீட்டிக் கண்ணாடியைச் சாலைக்குத் திருப்பினாள். ஐஸ் கட்டி போல் இருந்தது அது. வெளியே முப்பத்தெட்டு டிகிரி வெயில்.

*

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் டெஸ்ஸின் தம்பி நெவில் வந்தான். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டான், சவத்தைப் பார்த்தவன் மாதிரி.

"சேறு! ரே, இது சேறா?"

"மழை பெஞ்சா சேறுதான் வரும், நெவ்."

"மழையில ஓட்டினியா?" அவன் பின்பக்கம் போய் டிக்கியைத் தூக்கினான். "ஐயோ, உருளைக்கிழங்கு மூட்டை!"

"இருபது கிலோ. நல்ல இடவசதி இருக்கு."

"டெஸ் மட்டும் இதைப் பார்த்தான்னா செத்துருவான்."

"அந்த வேலையை ஏற்கெனவே முடிச்சுட்டான்."

நெவில் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து, தொப்பியை விரல்களால் சுற்றினான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான், வண்டிக்குக் கேட்டுவிடும் என்பதைப் போல.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டோம், ரே. அன்னிக்குக் கல்லறைத் தோட்டத்து வாசல்ல சக்கரத்தைச் சுத்தவிட்டோமே…"

அது அவளுக்குத் தெரியும். கிளப் ஆள் ஒருவன் இறந்தால், சாம்பலைப் புதைக்கும் நாளில் அவனுடைய வண்டியை வாசலில் பிரேக் போட்டு நிறுத்தி, பின்சக்கரங்கள் புகைந்து டயர் வெடிக்கும் வரை சுற்றவிடுவார்கள். அவள் தள்ளி நின்று பார்த்தாள், புகையில் இருமினாள்.

"அதுக்கு முன்னாடி, சாம்பல்ல ஒரு கரண்டி எடுத்து டயருக்கடியில தூவுறது வழக்கம். டெஸ் மட்டும் வேற மாதிரி கேட்டிருந்தான். டயருக்கடியில வேணாம், கார்புரேட்டர் வாய்க்குள்ள போடுங்கடா, எஞ்சின் என்னை இழுத்துக்கட்டும்னு. போட்டோம்."

காற்று நின்றுவிட்டது. தெருவில் எங்கோ புல்வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எந்தக் கரண்டி?" என்றாள் ரேலீன்.

"என்னது?"

"கரண்டின்னியே. எந்தக் கரண்டி?"

"உன் வீட்டு டீ ஸ்பூன்தான். அப்பவே திருப்பி வெச்சுட்டேன்."

"கழுவினியா?"

நெவில் தரையைப் பார்த்தான். "துடைச்சேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவன் அவசரமாகத் தொடர்ந்தான்: "அப்படிப் பண்ணின வண்டியை ஒரு வருஷம் யாரும் தொடக் கூடாது. போர்த்தி வைக்கணும். அதுதான் முறை. நீ எடுத்து ஓட்டுவேன்னு எவனுக்குத் தெரியும்? உனக்கு ஓட்டத் தெரியும்னே எங்களுக்குத் தெரியாது. கேளு, கிளப்புல ஒருத்தன்கிட்ட சின்ன வண்டி ஒண்ணு சும்மா நிக்குது. ஏசி இருக்கு. உனக்கே கொடுத்துடறோம். வேலைக்கு அதுல போ. இதை விட்டுடு. அவன் உள்ள இருக்கான், ரே. அவனுக்குப் பிடிக்கலை."

சின்ன வண்டி. குளிர்ந்த காற்று. கால் வலிக்காது. சரி என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். உதடு 'ச' என்று பிரியவும் தொடங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடமும் அந்த ஒரு சொல்லால்தான் போயிருந்தது. இப்போது எழுந்து இடம் விட்டால், பிறகு எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் யாராவது வந்து எழுப்பும் வரை காத்திருப்பவளாகத்தான் சாவாள். அது அவளுக்குப் பேயைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

"பிடிக்கலைன்னா அவனை இறங்கச் சொல்லு," என்றாள். "வண்டி என்னோடது. நாளைக்குக் காலையில எனக்கு டியூட்டி."

*

மறுநாள் மழை. நெடுஞ்சாலையில் அவள் ஏறியபோது கிழக்கே சாம்பல் வெளிச்சம் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. முன்னால் மூன்று பெட்டி கோத்த பெரிய லாரி ஒன்று நீரை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று. அதன் சிவப்பு விளக்குகள் மட்டும் நீர்ப்புகைக்குள் தெரிந்தன.

ஆரஞ்சு மணம் வந்தது. மூக்கை அடைக்கும் அளவுக்கு.

ஆக்சிலரேட்டர் பெடல் அவளுடைய காலுக்கடியிலிருந்து கீழே போயிற்று.

அவள் காலை எடுத்தாள். பெடல் தரையோடு கிடந்தது. அதன் மேல் எதுவும் இல்லை. ஆனால் யாரோ முழு எடையோடு மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

நூற்றுப்பத்து. நூற்று இருபது.

சாவியைத் திருப்பினாள். சாவி திரும்பவில்லை. பிரேக்கை மிதித்தாள். பின்சக்கரங்கள் வழுக்கின; எஞ்சின் பிரேக்கோடு மல்லுக்கட்டி வென்றது.

சிவப்பு விளக்குகள் பெரிதாயின.

வலது காதுக்குப் பக்கத்தில், கதவுக்கும் அவளுக்கும் இடையே மனிதன் நுழையமுடியாத இடைவெளியில், ஒரு மூச்சு.

"எறங்கு."

அவள் உடம்பு முழுவதும் அந்தக் குரலுக்குக் கீழ்ப்படியத் தயாராக இருந்தது. தோள்கள் குறுகின. கதவுப்பிடியை நோக்கிக் கைகூடப் போயிற்று. நூற்று முப்பதில்.

அந்தக் கையைத்தான் அவள் பார்த்தாள். தன்னுடைய கை. இன்னும் அவன் சொன்னதைக் கேட்கிற கை.

கோபம் வந்தது. பயத்தைவிட ஒரு கணம் முந்தி வந்தது.

இடது காலால் கிளட்ச்சைத் தரை வரை மிதித்தாள்.

எஞ்சின் வீறிட்டது. எட்டு சிலிண்டரும் ஒன்றாக அலறின. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் நடுங்கியது. கண்ணாடிகள் அதிர்ந்தன, மூக்கின் தகடு துடித்தது. அந்த அலறல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த அலறல். சாப்பாடு ஆறிப்போன நாட்களில், அவள் யாரிடமோ சிரித்துப் பேசிய நாட்களில், சமையலறைச் சுவர்களில் மோதிய அதே அலறல்.

ஆனால் சக்கரங்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

அவ்வளவுதான் விஷயம். எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்கு எதுவும் போகவில்லை. வண்டி தன்பாட்டுக்கு மெதுவாகியது. சிவப்பு விளக்குகள் விலகி, மழையில் கரைந்தன. அவள் சாலையோரத்துச் செம்மண்ணில் வண்டியை உருட்டி நிறுத்தினாள். கால் மட்டும் கிளட்ச்சிலிருந்து எழவில்லை.

"கத்து," என்றாள். "நல்லா கத்து. எனக்கு ஆறு மணிக்குத்தான் டியூட்டி. உன்னால எவ்வளவு நேரம் முடியும்னு பார்க்கிறேன்."

பார்த்தாள். எஞ்சின் அலறியது. பிறகு கொஞ்சம் இறங்கியது. மறுபடி ஏறியது; ஆனால் முன்போல் உயரம் போகவில்லை. கடைசியில் இருமிக்கொண்டு, மூச்சிரைக்கும் மனிதனைப் போல ஏறி இறங்கி, சாதாரண உறுமலில் வந்து நின்றது.

பெடல் தானாக மேலே எழுந்தது.

ரேலீன் முதல் கியரைப் போட்டாள்.

"ஆறு நிமிஷம் லேட்," என்றாள் சமையல்கூட வாசலில் நின்ற மேரிசெல், அவள் முகத்தைப் பார்த்து. "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"அறைய வந்தது," என்றாள் ரேலீன், ஏப்ரனைக் கட்டிக்கொண்டே. "முட்டை எத்தனை உடைக்கணும்?"

*

பிற்பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வண்டிக்கு வந்தாள். மழை விட்டு, தார்த்தரையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தாள்.

ஓட்டுநர் இருக்கை அவள் விட்ட இடத்திலேயே இருந்தது. முன்னால். அவள் கால்களின் அளவுக்கு. முதல் முறையாக.

இடப்பக்க இருக்கையின் பெல்ட் மாட்டியிருந்தது.

அவள் மாட்டவில்லை. அவள் ஓட்டத் தொடங்கிய பிறகு அந்த இருக்கையில் யாரும் உட்கார்ந்ததில்லை. கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏறி உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைப் பின்னால் எறிந்துவிட்டுக் கிளம்பினாள்.

பாதி வழியில் ஒரு ஈமு புதருக்குள்ளிருந்து சாலைக்குக் குறுக்கே ஓடியது. சட்டென்று பிரேக் போட்டாள்.

பக்கத்து பெல்ட் விறைத்துக்கொண்டு முன்னால் இழுபட்டது. அகலமான மார்பு ஒன்று அதில் போய் மோதியதைப் போல வளைந்து நின்றது. ஈமு போய் மறைந்தது. பெல்ட் மெதுவாக, அந்தக் கனத்தோடு, இருக்கைக்குத் திரும்பியது.

நெடுஞ்சாலை இரு பக்கமும் காலியாகக் கிடந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. ரேலீன் இரண்டாம் கியர், மூன்றாம் கியர் என்று வேகம் கூட்டினாள்.

பிறகு, சாலையில் எதுவுமே இல்லாத இடத்தில், வேண்டுமென்றே, இன்னொரு முறை பிரேக்கை ஓங்கி மிதித்தாள்.