கறுப்பையாவின் இடது கை

அறையில் இருந்தவர்கள்: ஆராய்ச்சி மாணவி மஸீனா, ஆய்வுக்கூட உதவியாளன் கறுப்பையா, கணினித் திரையில் கறுப்பையாவின் இடது கை.

தோல், கொழுப்பு, தசை ஒவ்வொன்றும் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கும் என்று ஆறு மாதம் அவன் கையில் அளந்து, அந்த எண்களாலேயே திரையில் அந்தக் கையைக் கட்டியிருந்தாள் மஸீனா. அதன் சுண்டுவிரல் லேசாக மடங்கியிருந்தது. காலையில் நீட்டியிருந்ததாகத்தான் அவனுக்கு ஞாபகம்.

“கறுப்பையாண்ணே, ஜப்பான் மாநாட்டுக்கு ஒங்கட கையையும் கொண்டுபோறன். டிக்கட் மிச்சம்!”

“கை போவட்டும் மிஸ். ஆளு தெல்தோட்ட பஸ்சுக்கு நிக்கட்டும்.”

அவள் சிரித்தாள். அவனுக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருஷம் இந்த அறையில் வயர் இழுத்தவன் அவன். பேர் அவளுக்கு. விமானம் அவளுக்கு. அவன் கையே அவளுக்கு.

அந்தக் கைக்கு வோல்ட்டைப் படிப்படியாக ஏற்றிப் பார்க்கும் கணிப்பை ஓடவிட்டு அவள் அஸர் தொழப் போனாள். வெளியேறும் புத்தகத்தில் நாலு பத்து என்று கையெழுத்து வைத்துவிட்டு, அவன் பின்வாசலால் திரும்பினான். ஓட்டத்தை நிறுத்தினான். தோலின் தடை ஒரு லட்சம் ஓம். அதை ஐந்நூறாக்கி மறுபடி ஓடவிட்டான். நாளைக்குப் பேராசிரியர் முன்னால் அவள் மூக்குடையட்டும்.

தகரக் கூரையில் மழை விடாமல் கொட்ட, ஈரச்சுவரின் பூஞ்சண நாற்றமும் சூடேறிய தூசியின் வாடையும் கலந்து மூக்கில் ஏற, அவன் இடது உள்ளங்கை மெல்ல நனையத் தொடங்கியது. காற்சட்டையில் துடைத்தான். மறுபடி நனைந்தது. தரையில் சொட்டியது.

இரும்பை முதலில் புறங்கையால் தட்டிப் பார்ப்பது தொழில் பழக்கம். கரண்ட் இருந்தால் கை உதறிக்கொள்ளும். உள்ளங்கை என்றால் பிடித்துக்கொள்ளும். அலுமாரியைத் தட்டினான். சுள்ளென்றது. அலுமாரிக்கு ஏது வயர்?

ஜன்னல் கம்பி. சுள்.

திரையில் பன்னிரண்டு வோல்ட். இருபத்துநாலு. விரல்கள் எல்லாம் மடங்கிக்கொண்டிருந்தன.

எண்ணைத் திருப்ப வேண்டும். ஓடினான். சொட்டிய ஈரத்தில் கால் சறுக்கியது. மேசைக்குப் பின்னால் விழுந்தவன் அதன் இரும்புக்காலைப் பிடித்தான்.

உள்ளங்கையால்.

விடவில்லை. தோள் இறுகியது. தொண்டை இறுகிக் குரல் எழவில்லை.

மஸீனாவின் செருப்புச் சத்தம். கதவருகே காவலாளி ஹலீமின் குரல்.

“கறுப்பையா போய்ட்டாரு புள்ள. நாலு பத்துக்கு சைன் வச்சீக்கி.”

“சரி நானா. கம்ப்யூட்டர நிப்பாட்ட வாணாம். விடியக்குள்ள இருநூத்தி முப்பது வோல்ட் வரைக்கும் போவணும்.”

விளக்கு அணைந்தது. ஜன்னல் கண்ணாடியில் திரை தெரிந்தது. அந்தச் சிவந்த கை எதையோ இறுகப் பிடித்திருந்தது. நாற்பத்தெட்டு.

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். சாவி இரண்டு முறை திரும்பியது.