கட்டத் தாளில் சிவப்பு அம்புகள்

அன்று காலை கட்டத் தாளில் ஒரு கோடுகூட வளையவில்லை.

ஆயத்த ஆடை ஆலையில் பதினோரு வருடமாகத் தையல் சரிபார்ப்பவள் அவள். எங்கே தையல் விட்டுப்போயிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். பட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த சட்டைக்குப் போவாள். மூன்று மாதத்துக்கு முன் அந்தக் கண்ணே காலை வாரிவிட்டது. எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் சாம்பல் நிறக் கறை.

“விழித்திரைக்கு நடுவுல, ஊசிமுனை அளவு இடத்துல, கூம்பு செல்கள் நெருக்கியடிச்சு இருக்கும்மா,” என்றார் கண் டாக்டர். “எழுத்து, தையல், முகம் எல்லாம் கூர்மையா தெரியறது அதாலதான். அங்க கொஞ்சம் செத்துப்போச்சு. கறை உங்க கண்ணுக்குள்ளதான் இருக்கு, வெளியில இல்ல. கண்ணு திரும்பற பக்கமெல்லாம் அதுவும் கூடவே வரும்.”

நேர்க்கோடுகள் எங்கே வளைந்து தெரிகின்றன என்று தினமும் பார்த்துக் குறிக்கச் சொல்லிக் கட்டத் தாள்களைக் கொடுத்தார். கோடு வளைந்த இடங்களில் பழக்கதோஷத்தில் அம்பு ஒட்டினாள். அழுகைகூட வரவில்லை, மரத்துப்போயிருந்தாள். மகளின் முகத்தை மட்டும் விட மனசில்லை. அவள் காதுப்பக்கம் பார்த்தால் முகம் ஓரத்தில் மங்கலாகக் கிடைக்கும்.

“என்னம்மா, என் காதுகிட்டயா பேசற?” என்று மகள் கிண்டலடிப்பாள்.

அன்று காலையோ எல்லாக் கோடுகளும் நேர். அடுப்பில் பால் பொங்கிக் கருகும் வாடை வந்தும் நகராமல், சொட்டும் குழாயையும் சுவர்க் காலண்டரின் பொடி எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“சரியாயிடுச்சுடி!”

“நிஜமாவாம்மா?”

மகள் வாசற்படியில் வந்து நின்றாள். சீருடைக் காலர் தெரிந்தது. அதில் ஒரு தையல் விட்டிருந்ததுகூடத் தெரிந்தது. காலருக்கு மேலே கறை.

கண்ணைத் திருப்பினாள். ஜன்னல். தெளிவு. அடுப்பு. தெளிவு. கறை கண்ணோடு கூடவே வரவில்லை. மகளின் கழுத்துக்கு மேலேயே நின்றது. காதுப்பக்கம் பார்த்தாள். காது இல்லை.

“அம்மா, என்னைப் பாரேன்,” என்றது கறை, மகளின் குரலில்.

பயம்கூட வரவில்லை. விரல் தானாக ஓர் அம்பை உரித்தது. கன்னம் இருக்கவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோனாள்.

எதிலும் படவில்லை. கை மணிக்கட்டுவரை உள்ளே போயிற்று. விரல்நுனியில் இருந்த அம்பை உள்ளே ஏதோ ஒன்று மெதுவாக உரித்து எடுத்துக்கொண்டது.