ஆளுக்கொரு கல் உப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் வருஷம் வசந்தாமணிக்குப் பத்து வயது. மல்லசமுத்திரத்தில் அவர்கள் வீட்டுச் சோற்றை மூன்று வாரம் வாயில் வைக்க முடியவில்லை. பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவள் ஆசையாக நினைத்துப் பார்த்தது அந்தச் சோற்றைத்தான்.

அவளுடைய தம்பி மணியன் ஏழு வயதுப் பொடியன். ஒருநாள் காலையில் முகம் வீங்கி எழுந்து, தலை வலிக்கிறது என்று அழுதான். அப்பா வண்டி கட்டித் திருச்செங்கோட்டு டாக்டரிடம் கொண்டுபோனார். எல்லோரும் கூடவே போனார்கள்.

டாக்டர் அவன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் மளமளவென்று ஏறியது.

"இந்த வயசில் இவ்வளவு ரத்தக்கொதிப்பு இருக்கக்கூடாது. இருதயம் களைத்துப்போகும். ஓடக்கூடாது. உப்பு ஒரு கல்கூடச் சேர்க்கக்கூடாது" என்றார்.

பத்து நாள் கழித்துப் போனபோதும் பாதரசம் இறங்கவில்லை. "உப்பு கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லீங்க" என்றாள் அம்மா. வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் விட்டுவிட வேண்டியதுதான்."

வழி நெடுக வசந்தாமணி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். தம்பி இல்லாத வீட்டை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வீடு வந்ததும் அழுதுவிட்டாள்.

"அம்மா, நாந்தான் குடுத்தனுங்க. புளியங்காய உப்புல தொட்டு, தெனமும் ஒண்ணு. கேட்டு அழுதானுங்க."

அடி விழும் என்று காத்திருந்தாள். அம்மாவோ அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் கஞ்சியில ஒரு கல்லு போட்டேன் சாமி. ஒரு கல்லுதானேன்னு நெனச்சேன்."

வீட்டோடு இருந்த பொன்னாத்தாள் அத்தை மூக்கை உறிஞ்சினாள். "நார்த்தங்காய் ஊறுகாய நாக்குல தொட்டுத்தான் காட்டுனேன். பச்சப்புள்ள முன்னால நாம மட்டும் கொழம்பு ஊத்தித் திங்க மனசு வருமா?"

அப்பா மெல்ல மாட்டுப் பக்கம் நகரப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க?" என்றாள் அம்மா.

"சந்தையில காராச்சேவு. சின்னப் பொட்டலந்தான்."

"பெரிய பொட்டலமுங்க" என்றான் மணியன்.

வசந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நாமளும் உப்பில்லாம திங்கலாமுங்க. அவனுக்கும் ஏக்கமா இருக்காது. நமக்கும் பாவமேன்னு தோணாது."

அன்றைக்கே உப்புச்சட்டி பக்கத்து வீட்டுக்குப் போனது. முதல் வாய் விழுங்குவதற்குள் அப்பாவுக்கு முழி பிதுங்கிவிட்டது. "ரசமா இது, வெந்நியா?" என்று அத்தை தினமும் கேட்டாள். ஆனாலும் யாரும் எழுந்து ஓடவில்லை. மணியனுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே தட்டைக் காலி செய்தான்.

அடுத்த வாரம் பாதரசம் கொஞ்சம் இறங்கியது. முகத்தின் வீக்கமும் வடிந்தது. மூன்றாவது வாரம் டாக்டர் இரண்டு தடவை காற்றடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இனி அளவாக உப்பு சேர்க்கலாம்."

அன்றைக்கு அம்மா கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். மணியன்தான் முதலில் சாப்பிட வேண்டும் என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஒரு வாய் வைத்தான். முகத்தைச் சுளித்தான்.

"என்னங்கம்மா, இப்படிக் கரிக்குது?"

முதலில் சிரித்தது அப்பாதான். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.