கடைசித் தறிக்காரி

குமாரபாளையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த விசைத்தறிக் கூடத்தில் இருபத்து நான்கு தறிகள். ஓட ஆரம்பித்தால் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. எல்லோரும் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் எனக்கும் அது பழகிவிட்டது.

எருமப்பட்டியில் குடித்துவிட்டு அடிக்கிற புருஷனுக்குத் தெரியாமல் ஓடி வந்தவள் நான். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இருக்கிற இடம் தெரிந்தால் என்னை உயிரோடு விடமாட்டான்.

எட்டாம் நாள் பக்கத்துத் தறி பாவாயி அக்கா உதட்டை அசைத்தாள்.

“புருசன உட்டுப்போட்டு வந்துட்டயாமா கண்ணு?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கே போனாலும் இதே பேச்சா?

“ஆருக்கா சொன்னது?”

கடைசி மூலையைக் கண்ணால் காட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

லைட் எரியாத அந்த மூலையில், பஞ்சுத் தூசிக்குள் ஒருத்தி நின்றிருந்தாள். முகம் தெரியவில்லை. உதடு மட்டும் தெரிந்தது. தனப்பிரியா என்ற என் பெயர், என் ஊர், என் முதுகிலுள்ள சூட்டுத் தழும்பு, ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நறுக்கென்று நாலு கேள்வி கேட்கப் போனேன்.

யாருமில்லை.

நூலே பூட்டாத தறி. விரற்கடைத் தூசி. ஆற்றுச் சேற்றின் வாசம்.

டீ நேரத்தில் பாவாயி அக்காவை வெளியே இழுத்து நிறுத்தினேன்.

“மாரக்காள் அவ. தறி மெக்கானிக்குக்கும் அவளுக்கும் தொடுப்புன்னு நாங்கதான் பேசுனோம் சாமி. அத்தனையும் பொய்யி. ஆத்துப் பாலத்துல இருந்து குதிச்சுட்டா. இப்ப அவ பேசறா. ஆனா பொய்யே பேசறதில்ல.”

அவளைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லையே! செத்த பிறகும் ஆள் பார்த்துப் பழிவாங்கத் தெரியாதா?

உள்ளே வந்ததும் கரண்ட் போனது. எல்லாத் தறிகளும் ஒன்றாக நின்றன.



மூலையிலிருந்து ஈரக் குரல் வந்தது.

“தனப்பிரியா புருசன் பாலத்துக்கிட்ட பஸ்ஸெறங்கிட்டான்.”

அடுத்தது என் காதோரம்.

“அவங்கிட்ட நாந்தான் சொன்னேன்.”

பின்வாசல் வழியாக ஓடினேன்.

இப்போது கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு மெஸ்ஸில் மாவாட்டுகிறேன். இங்கே தறியும் இல்லை, ஆறும் இல்லை. நேற்று கிரைண்டர் இரைச்சலுக்கு நடுவே, எதிரே காய் நறுக்கும் சாரதாமணி என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். உதட்டைப் படித்தேன்.

“புருசன உட்டுப்போட்டு வந்துட்டயாமா?”

கிரைண்டரை நிறுத்தினேன்.

“ஆரு சொன்னது?”

சாரதாமணி என் முதுகுக்குப் பின்னால் கை காட்டினாள்.