தோம்னாவின் கல்கதவு

“கல்லுல கதவு செதுக்கி வெச்சா, செத்தவங்க எப்படிப்பா திறப்பாங்க?”

மகள் அப்பே அன்று அப்படிக் கேட்டபோது த்ரோஃபிமோஸ் சிரித்தார். பழைய ஃப்ரீகிய நாட்டின் அந்த மலையூரில் ஒவ்வொரு கல்லறைக்கும் வளையமும் பூட்டும் செதுக்கிய கல்கதவு உண்டு. மலையோடு ஒட்டிய தம் வீட்டுப் பின்சுவரில் அவர் பதித்துக்கொண்டிருந்ததும் அப்படியொன்றுதான். செதுக்கிய முகம் மலையைப் பார்த்திருந்தது, வெறும் முதுகு வீட்டைப் பார்த்திருந்தது.

அது செத்துப்போன தோம்னாவின் கல்லறைக் கதவு. சபையில் அவள் தீர்க்கதரிசனம் சொல்ல எழுந்தபோது, பெண்ணுக்குள் பேசுவது பேய்தான் என்று மூப்பரான அவர் அவள் வாயில் கம்பளியைத் திணித்தார். பேய் போகவில்லை, அவள் மூச்சுதான் போயிற்று. அந்தக் கம்பளியை எடுத்துவிட்டு, பிணத்தின் முகத்தைத் துடைத்தவள் அவர் மனைவி மெலித்தே ஒருத்திதான். கேட்டால் அதை ஒரு காரியமாகவே சொல்லமாட்டாள். யாரும் தோம்னாவின் கல்லறையில் விளக்கேற்றக் கூடாதென்று அவர் கல்லையே பெயர்த்து வந்துவிட்டார்.

இன்று மாலை அந்தச் சுவர் வியர்த்தது. ஈரக் கம்பளி நாற்றம்.

“மழ ஈரந்தான்” என்றார்.

“மழ பெஞ்சு மாசமாச்சு. ஊருக்கே தேவசித்தம் சொல்றவருக்கு வானம் தெரியலையாக்கும்.” தொண்டை அடைத்து இழுத்துக்கொண்டிருந்த அப்பேயின் நெஞ்சை மெலித்தே தடவினாள். “கல்ல அவ கல்லறையிலயே கொண்டுபோய் வெச்சுடுங்க. அவளுக்குள்ள பேசினது பேயில்லன்னு சபையில உண்மையச் சொல்லுங்க. புள்ள பொழைக்கட்டும்.”

“சொன்னா எவன் என்னய மூப்பன்னு மதிப்பான்?”

“அப்ப புள்ளையவிட அதுதான் பெருசு.”

அழுதபடியே மெலித்தே கண்ணயர்ந்தாள்.

விளக்குப் புகைக்கு அடியில் நாற்றம் கனத்துக்கொண்டே வந்தது. குழந்தையின் ஒவ்வோர் இழுப்புக்கும் நடுவில், மலை மட்டுமே இருக்கவேண்டிய சுவரின் அந்தப் பக்கத்தில், கல்வளையம் ஒன்று கல்லில் உரசி உரசித் தட்டுவது கேட்டது.

எழப் பார்த்தார். கால் வரவில்லை.

பூட்டு திரும்பியது.

குளிர். வெள்ளைத் துணி. ஈரப் பாதங்கள்.

“பாப்பாவ விட்டுடு” என்றார்.

தோம்னா திரும்பிப் பார்க்கவில்லை. அப்பேயின் வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து ஈரக் கம்பளியை இழை இழையாக எடுத்தாள். குழந்தையின் மூச்சு சீரானது. பிறகு, உறங்கும் மெலித்தேயின் கண்ணீரைத் துடைத்துவிட்டாள். மெலித்தே அறியவில்லை.

கை நிறையக் கம்பளியோடு அவர் பக்கம் வந்தாள்.

கத்த வாயைத் திறந்தார்.

முதல் இழையை உள்ளே வைத்தாள். அவளுக்கு அவசரமே இல்லை.